டெம்பர்டு கிளாஸ் ஒட்டத் தெரிஞ்சா கார் பிலிமும் ஒட்டிடலாமா?

உங்க கிளாஸ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். யார் புது மொபைல் வாங்கினாலும் டெம்பர்டு கிளாஸை அவர் கையில்தான் கொடுப்பாங்க. எங்க டிபார்ட்மென்ட்டில் அந்த ஆள் நான். தூசி இல்லாம, குமிழி இல்லாம, ஓரம் கோணாம ஒட்டித் தருவேன். அந்தத் தைரியத்தில் போன வருஷம் எங்க வீட்டு கார் பானெட்டுக்கு நானே பிபிஎஃப் ஒட்டினேன். பிபிஎஃப்னா பெயின்ட் புரொடெக்‌ஷன் பிலிம், காரின் பெயின்ட் மேல் ஒட்டுகிற கண்ணாடி மாதிரித் தெளிவான பாதுகாப்புத் தோல்.

அதில் எனக்கு மிஞ்சியது பதினொரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பற்றிப் பாதியில் சொல்றேன். அதற்கு முன்னாடி கொஞ்சம் மெட்டீரியல் சயின்ஸ், கொஞ்சம் ஜியோமெட்ரி. "நானே ஒட்டணுமா, கடையில் கொடுக்கணுமா" என்ற கேள்விக்கு முழுக் காருக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பதில் இருக்கு. இதைப் படித்து முடிக்கும்போது அந்தப் பதிலை நீங்களே கண்டுபிடிக்க முடியணும். அதுதான் நோக்கம்.

முதலில் பொருளைத் தெரிஞ்சுக்கலாம்

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்தன. அதைத் தடுக்க 3எம் நிறுவனம் ஒரு பாலியூரித்தேன் பிலிமைக் கொடுத்தது. இன்றைய பிபிஎஃப் அந்த வம்சம். இப்போது வரும் நல்ல ரகங்கள் எல்லாம் டிபியூ, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும்.

ஒரு பிலிமைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலிருந்து கீழே மூன்று அடுக்கு இருக்கும். மேலே மெல்லிய டாப் கோட். நடுவில் டிபியூ. அடியில் பசை. மொத்தத் தடிமன் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான்.

இப்போ அதற்குக் கீழே இருக்கும் பெயின்ட்டைப் பாருங்க. தகரத்தின் மேல் எலக்ட்ரோகோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாகக் கிளியர் கோட். கம்பெனியில் அடிக்கும் இந்த நான்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். உங்க தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். பளபளப்பும் வெயில் பாதுகாப்பும் தருகிற அடுக்கு ஒரு முடியை விட மெல்லியது. இந்த ஒரு எண்ணை மட்டும் மனசில் வைங்க, பிறகு தேவைப்படும்.

"செல்ஃப் ஹீலிங்" என்று விளம்பரத்தில் வருவது மந்திரம் ஒன்றும் இல்லை. டாப் கோட்டில் விழுந்த மெல்லிய கீறலில் பாலிமர் சங்கிலிகள் நசுங்கி இடம் மாறியிருக்கும், அறுந்திருக்காது. வெந்நீரோ வெயிலோ பட்டதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும். கத்தி இறங்கிய வெட்டில் சங்கிலிகளே அறுந்து போயிருக்கும். அது ஆறாது.

இன்னொரு குழப்பம், செராமிக் கோட்டிங்கும் இதுவும் ஒன்றா? இல்லை. செராமிக் கோட்டிங் திரவமாகத் தடவுவது, தடிமன் சில மைக்ரான் கூடத் தேறாது. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாம வழுக்கும், கழுவ லேசாக இருக்கும். கல் அடித்தால் அதற்குத் தாங்காது. கல்லடிக்குத் தடிமன் வேணும், அது பிலிமில்தான் இருக்கு.

டோல்கேட்டில் ஒரு காருக்கு என்ன ஆகும்?

எந்த மருந்தும் வியாதியைப் பார்த்துத்தான். எங்க ஏரியாவையே எடுத்துக்கலாம். டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தது. அதன் பிளாட்ஃபாரத்தில் நின்று சுற்றிப் பாருங்க. கிழக்கே நடந்தே போகிற தூரத்தில் கடல். தெற்கே காசிமேடும் துறைமுகமும். வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையங்கள். வடமேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. இதற்கு நடுவில் ராத்திரி பகல் பார்க்காத கன்டெய்னர் லாரிகள். இங்கே தெருவில் நிற்கும் காருக்கு நாலு எதிரி.

முதல் எதிரி உப்பு. கடல் காற்று கொண்டுவந்து போடும் சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். டிசம்பர் ஜனவரியில் வீட்டு உப்பு ஜாடி கசகசன்னு ஆகிறதே, அதுதான். எங்க பக்கம் பல ராத்திரிகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும். அதனால் மழையே பெய்யாத நாளிலும் காரின் மேல் ராத்திரியில் உப்புத் தண்ணீர், பகலில் உப்புப் பொடி.

இரண்டாவது தூசி. அனல்மின் நிலையச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் இருக்கு. ரெண்டும் கிளியர் கோட்டை விடக் கடினம். காலையில் வீட்டு வாசலில் உலர்ந்த துணியால் காரைத் துடைக்கிறோமே, அது துடைப்பதில் சேராது, உப்புத்தாள் போடுவதில் சேரும்.

மூன்றாவது லாரி டயர் தெறிக்கும் கல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ மீஞ்சூர் பக்கமோ வேகமாகப் போகும்போது பானெட்டிலும் பம்பரிலும் விழும்.

நாலாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெரிசலில் சந்து பார்த்து நுழையும் பைக்கின் ஹேண்டில்பார். எங்க தெருவில் உள்ள கார்களின் கதவையும் பம்பர் மூலையையும் பார்த்தாலே தெரியும், கல்லை விட இதுதான் அதிகம்.

இந்த நாலில் கல், தூசிக் கீறல், லேசான உரசல் மூன்றையும் பிலிம் வாங்கிக்கொள்ளும். ஒடுக்கு விழுவதைத் தடுக்காது, தகரம் வளைந்தால் பிலிமும் கூடவே வளையும். உப்பு விஷயம் இருபக்கக் கத்தி. பெயின்ட் மேல் உப்பு படியாமல் பிலிம் மறைக்கும். ஆனால் பிலிமுக்கு அடியில் உப்பு மாட்டிக்கிச்சுன்னா? அதையும் சேர்த்துப் பத்திரமாக மூடி வைக்கும்.

தட்டையான பிலிம், வளைந்த கார்

மொபைல் திரை தட்டை. டெம்பர்டு கிளாஸும் தட்டை. என் திறமையின் ரகசியம் இவ்வளவுதான் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு காகிதத்தைத் தண்ணீர்க் குழாய் மேல் சுற்றுங்க. சுருக்கமில்லாமல் படியும். அதே காகிதத்தை ஃபுட்பால் மேல் போர்த்துங்க. எப்படிச் செய்தாலும் மடிப்பு விழும். ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பைத் தட்டைத் தாளால் மூடலாம். ரெண்டு திசையிலும் வளைந்ததை, தாளை நீட்டாமலோ சுருக்காமலோ மூடவே முடியாது. இதை 1827-லேயே கணித ரீதியாக நிறுவினார் காஸ். இன்று கதவின் நடுப்பகுதி குழாய் மாதிரி, பம்பர் மூலை ஃபுட்பால் மாதிரி.

எவ்வளவு நீட்டணும்னு ஒரு கணக்கு போடலாம். சைடு மிரரின் மூடியை ஒரு கோளத்தின் துண்டு என்று வைத்துக்கோங்க. விட்டம் 20 செ.மீ., நடுவில் 5 செ.மீ. உப்பல். அப்படியானால் அந்தக் கோளத்தின் ஆரம் 12.5 செ.மீ. ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறு ஓரத்துக்கு வளைவின் மேல் அளந்தால் 23.2 செ.மீ. அதாவது 20 செ.மீ. பிலிம் 16 சதவீதம் நீளணும்.

பரப்பளவில் பார்த்தால் இன்னும் தெளிவு. தட்டை வட்டத்தின் பரப்பு 100π. வளைந்த மூடியின் பரப்பு π(10² + 5²), அதாவது 125π. பிலிமின் கனஅளவு மாறாது என்பதால் பரப்பு 1.25 மடங்கானால் தடிமன் 1.25-ஆல் குறையும். 200 மைக்ரான் பிலிம் சராசரியாக 160 மைக்ரான் ஆகிடும். இழுவை எல்லா இடத்திலும் சமமாக இருந்தால்தான் இந்தச் சராசரி. ஒரே மூலையைப் பிடித்து இழுத்தால் அங்கே இன்னும் மெலியும், பசையில் கோடு கோடாகத் தழும்பு விழும், கொஞ்ச நாளில் பிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்து ஓரத்தில் கிளம்பும்.

ராத்திரி பரோட்டா கடையில் மாஸ்டர் மாவு வீசுவதைப் பார்த்திருப்பீங்க. உள்ளங்கை அளவு உருண்டை, கல்லே தெரிகிற அளவுக்கு மெலிந்து விரியும், கிழியாது. ஏன்னா அவர் ஒரு இடத்தைப் பிடித்து இழுப்பதில்லை, எடையை மாவு முழுக்கப் பகிர்ந்துவிடுகிறார். பிலிம் ஒட்டுபவர் கையில் நடப்பதும் அதேதான். பாலிமரை நீட்டுவது எங்க ஊருக்குப் புதிதும் இல்லை. டயருக்குப் பேர்போன எம்ஆர்எஃப், 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது.

பதினொரு சென்டிமீட்டர்

இப்போ என் கதை. அது பாட்டிக்காக அப்பா வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார். வாரத்தில் ரெண்டு நாள் பாட்டிக்கு டயாலிசிஸ், ஆட்டோவில் போய்வந்தால் குலுக்கலில் படுத்துடுவாங்க. அப்பா அந்தக் காரை அவ்வளவு பத்திரமாகப் பார்த்தார். அவர் பிறந்தநாளுக்கு ஏதாவது செய்யணும்னு இன்டர்ன்ஷிப் காசில் பிலிம் வாங்கினேன். நாலு வீடியோ பார்த்தேன். மே மாசம், ஞாயிறு காலை பத்து மணி, வீட்டு வாசல்.

முதல் தப்பு தண்ணீர். காரைக் கழுவியதும், பிலிம் வழுக்க ஷாம்பு கலந்து தெளித்ததும் எங்க போர் தண்ணி. வடசென்னைப் பக்கம் போர் தண்ணி எப்படி இருக்கும்னு தெரியும்ல? மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்துட்டு வர்றாங்க. பிலிமுக்கு அடியில் தங்கும் ஈரம் நாளடைவில் வெளியேறிடும். அதில் கரைந்திருந்த உப்பு எங்கேயும் போகாது.

இரண்டாவது தப்பு வெயில். கறுப்பு நிறப் பானெட். பத்து மணிக்கே கை வைக்க முடியவில்லை. தெளித்த தண்ணீர் பிலிமைச் சரிசெய்வதற்குள் காய்ந்து, பசை நினைத்த இடத்தில் பிடித்துக்கிச்சு. எடுத்து மறுபடி ஒட்டியதில் பசை திரிந்து வெள்ளையாகப் புகை மாதிரித் தெரிந்தது.

மூன்றாவது தப்புதான் தப்பு. பிலிம் பானெட்டை விடப் பெரிசாக இருந்தது. ஓரத்தை அப்படியே பானெட் மேல் வைத்து, புது பிளேடு போட்ட கத்தியால் வெட்டினேன். பிலிம் வெண்ணெய் மாதிரி அறுந்தது. எவ்வளவு அழுத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. முடியை விட மெல்லிய கிளியர் கோட்டைத் தாண்டி, நிறத்தைத் தாண்டி, கத்தி எங்கே போய் நின்றது என்று அப்போது கண்ணுக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் தெரிந்தது. பிலிம் ஓரத்தோடு ஒட்டி, டீக்கறை நிறத்தில் ஒரு கோடு. துரு. பிலிமின் விளிம்பில் எப்பவும் உப்பும் ஈரமும் தேங்கும், நான் சரியாக அந்த விளிம்பில்தான் தகரம் வரை ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தேன்.

ஒரு டீட்டெயிலிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கே இருந்த அண்ணன் குனிந்து கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"இது யார் தம்பி பண்ணது?"

"நான்தாண்ணா."

"பிலிமு கோணலா ஒட்னா உரிச்சிக்கலாம். பெயின்ட்ட வெட்டிட்டா இன்னா பண்ணுவ?"

உரிக்கும்போது இன்னொன்றும் நடந்தது. அவர் ஹீட் கன் காட்டி, தாழ்ந்த கோணத்தில் நிதானமாகத்தான் உரித்தார். அப்படியும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பிலிமோடு வந்துடுச்சு. பழைய ஓனர் அந்தப் பானெட்டைப் பட்டி பார்த்து ரீபெயின்ட் பண்ணியிருக்கார். கம்பெனி பெயின்ட் உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுகியது, பிலிமை உரித்தாலும் தாங்கும். வெளியே அடித்த பெயின்ட்டின் பிடிப்பு அடித்தவர் கையைப் பொறுத்தது. ஒட்டும் முன்னாடி இதைப் பார்க்கணும்னே எனக்குத் தெரியாது.

கார் ஆறு நாள் பாடி ஷாப்பில் நின்றது. அந்த ஆறு நாளில் ரெண்டு தடவை பாட்டி ஆட்டோவில் போனாங்க. அப்பா என்னைத் திட்டவே இல்லை. ரெண்டாவது தடவை ஆட்டோ பிடிக்க மட்டும் என்னை அனுப்பினார். கூட உட்கார்ந்து போய்வந்தேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் இப்பவும் ஞாபகம் இருக்கு.

அப்போ கடைக்காரர் காசு எதற்கு?

முழுக் காருக்கு பிபிஎஃப் என்றால் காரின் அளவையும் பிலிமின் தரத்தையும் பொறுத்து அறுபதாயிரம், எழுபதாயிரத்தில் தொடங்கி ரெண்டு லட்சம் தாண்டியும் போகும். அதில் ஒரு பகுதி பிலிமுக்கு. மீதி எதற்கு என்று அந்த அண்ணன் கடையில் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது.

முதல் நாள் முழுக்க அவர் பிலிமையே தொடவில்லை. கழுவினார். பிரேக் தூளும் இரும்புத் துகளும் கரைய ஒரு கெமிக்கல் அடித்தார், பெயின்ட்டில் ஊதா நிறத்தில் வழிந்தது. களிமண் மாதிரி ஒரு கட்டியை வழுக்குத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, கையில் தட்டுப்படுகிற துகளை எல்லாம் எடுத்தார். கீறல்களை பாலிஷ் போட்டார். கடைசியில் ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். பெயின்ட் தடிமன் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்த்தார். எண் திடீரென்று பல நூறு மைக்ரானுக்கு ஏறினால் அங்கே பட்டி இருக்கு. என் பானெட்டில் இந்த மீட்டரை வைத்திருந்தால் ஒரே செகண்டில் தெரிந்திருக்கும்.

அடுத்தது கத்தி. கார் மாடலுக்கு ஏற்ற வடிவத்தை கம்ப்யூட்டரில் எடுத்து பிளாட்டர் மெஷினில் வெட்டிக்கொண்டால் கார் மேல் கத்தி படவே தேவையில்லை. வெட்டியே ஆகவேண்டிய இடங்களில் நூல் பதித்த டேப்பை முதலில் ஒட்டி, பிலிமைப் போர்த்தி, நூலை இழுத்தால் பிலிம் மட்டும் அறும்.

பிறகு இடம். மூடிய அறை, நனைத்த தரை, ஏசி. பிறகு கை. எங்க திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட் டேங்க்கின் ஓரக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்தவர்கள் உண்டு. பெயின்ட்டும் தூரிகையும் யாருக்கும் கிடைக்கும், அந்தக் கை கிடைக்காது. பிலிமை எந்த நிமிஷத்தில் இழுப்பதை நிறுத்தணும் என்று தெரிந்த கைக்குத்தான் மீதிக் காசு.

அதற்காக போர்டில் "புரொஃபஷனல்" என்று எழுதிய எல்லாக் கடையும் இதைச் செய்யும் என்று அர்த்தம் இல்லை. அப்படி எழுத யாரும் எக்ஸாம் எழுதிப் பாஸாக வேண்டியதில்லை. அதனால் கேள்வி கேளுங்க.

"என் கார் மேல கத்தி வைப்பீங்களா?" இதுதான் முதல் கேள்வி. "வைப்போம், ஆனா ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால், வெட்டு விழுந்தால் யார் செலவு என்று எழுதி வாங்குங்க.

"ரோல் பெட்டியைக் காட்டுங்க." சில இடங்களில் டிபியூ விலைக்கு பிவிசி பிலிம் ஒட்டிடுவாங்க. பிவிசி சீக்கிரம் மஞ்சளாகும், விறைக்கும். வெட்டி மிஞ்சிய ஒரு துண்டைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்க. டிபியூ ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும். பிவிசி நீண்டால் நீண்டதுதான்.

"வாரன்டியில் என்ன அடங்கும்?" பெரும்பாலும் மஞ்சளாவது, வெடிப்பது, தானாக உரிவது அடங்கும். கல் கிழித்தது அடங்காது. வாரன்டி அட்டையில் உங்க வண்டி நம்பரும் ரோல் நம்பரும் இருக்கணும். ஜிஎஸ்டி பில் வாங்குங்க.

"ஒரு வருஷம் முன்னாடி ஒட்டின வண்டி ஏதாவது பார்க்கலாமா?" நேற்று ஒட்டிய கார் எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் பார்த்த காரின் ஓரங்களைப் பாருங்க.

கலர் பிலிம், மேட் பிலிம் ஆசை இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவான விஷயம். நிறம் மாறினால் ஆர்டிஓவில் சொல்லிப் பதிவு பண்ணணும். நிறமில்லாத பிலிமுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நீங்களே ஒட்டக்கூடியவை

"அப்போ நாம கையே வைக்கக்கூடாதா?" தாராளமாக வைக்கலாம். ஒரு பாகத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்க. பரப்பு தட்டையா, ஒரு திசையில் மட்டும் வளைந்ததா? பிலிம் வெட்டியே வருதா, கார் மேல் கத்தி தேவையில்லையா? அடியில் இருப்பது கம்பெனி பெயின்ட்டா? மூன்றுக்கும் "ஆமா" என்றால் நீங்களே ஒட்டுங்க.

கதவின் ஓரப் பட்டை, டிக்கியில் பெட்டி ஏற்றி இறக்கும் விளிம்பு, கதவு திறக்கும்போது நகம் படும் கைப்பிடிக் குழிக்கு ரெடிமேடாக வரும் சின்னத் துண்டுகள், டேஷ்போர்டின் கறுப்புப் பளபளப் பகுதி, பைக் டேங்க்கின் பக்கவாட்டில் முட்டி உரசும் இடம். இவை எல்லாம் இந்த வகை. கைப்பிடிக் குழி ரெண்டு பக்கமும் வளைந்ததுதான். ஆனால் துண்டு சின்னது, கோணினால் நஷ்டமும் சின்னது, பழக நல்ல இடம். நெரிசலும் ஹேண்டில்பாரும் அதிகமுள்ள டோல்கேட் மாதிரி இடத்தில் இந்தச் சின்னத் துண்டுகளே நிறையக் காப்பாற்றும்.

செய்முறை இதுதான்.

1. நிழலில், பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்க. காத்து அடிக்காத இடம், விடியற்காலை நல்லது. ஃபேன் வேண்டாம், தூசி பறக்கும்.

2. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விடுங்க, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவுங்க. உலர்ந்த துணியால் துடைக்காதீங்க.

3. கடைசி அலசலுக்கும் ஒட்டுகிற கரைசலுக்கும் போர் தண்ணி வேண்டாம். பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரி கடையிலும் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. அதில் உப்பு இருக்காது.

4. ரெண்டு ஸ்பிரே பாட்டில். ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு பேபி ஷாம்பு, இது வழுக்க. இன்னொன்றில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரப்பைல் ஆல்கஹால், இது பிடிக்க. ஆல்கஹால் தீப்பிடிக்கும். பாட்டில் பக்கத்தில் ஹீட் கன்னோ சிகரெட்டோ கூடாது.

5. கையையும் பேனலையும் ஷாம்பு நீரால் நனைங்க. பின்தாளை உரிக்க உரிக்கப் பசைப் பக்கத்தையும் நனைங்க. வைத்து, நகர்த்தி, இடம் பாருங்க.

6. இடம் சரியானதும் ஒரு முனையில் ஆல்கஹால் நீரைத் தெளித்து அழுத்தி நிறுத்துங்க. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால், அதாவது ரப்பர் தகட்டால், தண்ணீரைத் தள்ளுங்க. ஒரு இழுப்பின் மேல் அடுத்த இழுப்பு பாதி ஏறணும்.

7. மிஞ்சும் சின்ன நீர்க்குமிழி சில நாளில் தானாகப் போகும். பொறுமையாக இருங்க, ஊசி வைக்காதீங்க. உள்ளே தூசி மாட்டியிருந்தால் அது போகாது. அப்பவே தூக்கி, நனைத்து, எடுத்துடுங்க.

8. ஒரு வாரம் கழுவாதீங்க. ஓரத்தைச் சுரண்டிப் பார்க்காதீங்க. புதுசாக பெயின்ட் அடித்த பாகமென்றால், உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற சில வாரம் விட்டு, அடித்தவரைக் கேட்டுட்டு ஒட்டுங்க.

பானெட், பம்பர், மிரர் மூடி, ஹெட்லைட்டைச் சுற்றிய வளைவு, ரீபெயின்ட் ஆன எந்தப் பேனலும், இவற்றைக் கடைக்கு விடுங்க.

ஒரு சின்னச் சமன்பாடு

நாம எல்லாரும் செலவைக் கணக்கு போடும்போது பிலிம் விலையை மட்டும் போடுறோம். நானும் அப்படித்தான். உண்மையான செலவு இப்படி:

செலவு = பிலிம் விலை + (தோற்கும் வாய்ப்பு × தோற்றால் ஆகும் நஷ்டம்)

எண்களை உதாரணத்துக்கு நானே வைக்கிறேன், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. கதவு ஓரப் பட்டை 300 ரூபாய். முதல் தடவை கெடும் வாய்ப்பு பாதி என்றே வைங்க. கெட்டால் இன்னொரு பட்டை, 300. மொத்தம் 300 + 150 = 450. கடையில் இதற்கு 1,000 கேட்டால் நீங்களே ஒட்டுவது லாபம்.

பானெட்டுக்கு பிலிம் 6,000. கடையில் ஒட்டினால் 12,000. பாதி மிச்சம்னு தோணும். முதல் தடவை பிலிம் பாழாகும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால் அதற்கு 3,600. பெயின்ட் வெட்டுப்படும் வாய்ப்பு 20 சதவீதம், ரீபெயின்ட் 10,000 என்றால் அதற்கு 2,000. மொத்தம் 11,600. மிச்சம் வெறும் 400 ரூபாய். அந்த நானூறுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பானெட்டும் பணயம்.

இந்தச் சமன்பாட்டில் சேராத ஒன்றும் இருக்கு. கார் பாடி ஷாப்பில் நிற்கும் ஆறு நாள் யாருடைய ஆறு நாள்? அதற்கு எந்த எண்ணைப் போடுவது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. இப்போது, எண் போட முடியாத நஷ்டம் இருக்கும் இடத்தில் நான் கத்தி எடுப்பதில்லை.

பானெட்டுக்கு மறுபடி பிலிம் போடவில்லை. புது பெயின்ட், அப்படியே இருக்கட்டும் என்றார் அப்பா. அந்த அண்ணன் கடையில் மிஞ்சிய துண்டுகளை வைத்துக் கைப்பிடிக் குழிக்கும் கதவு ஓரத்துக்கும் நானே ஒட்டினேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சு. பாட்டி இறங்கும்போது பிடித்துக்கொள்கிற பின்கதவின் ஓரத்தை வாரம் ஒருமுறை நகத்தால் தடவிப் பார்ப்பேன். இதுவரை எங்கேயும் கிளம்பவில்லை.